சுவிட்சை அணைத்த பிறகு

ஜப்பானின் கிழக்குக் கரையில், புகுஷிமா மாகாணத்தில், கடலை ஒட்டி 35 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டுநிலம் இருந்தது. 1960களின் பிற்பகுதியில் அணுமின் நிலையம் கட்டுவதற்காக அந்த மேட்டை வெட்டி, 10 மீட்டராகத் தாழ்த்தினார்கள். கடல்நீர் இறைக்கும் பம்புகளை இன்னும் கீழே, 4 மீட்டர் உயரத்தில் வைத்தார்கள்.

வெட்டியவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. மேல்மண் இளக்கமானது. அடியில் இருந்த பாறைப் படுகையில் அஸ்திவாரம் போட்டால்தான் கட்டடம் நிலநடுக்கத்தைத் தாங்கும். உலைக்கான கனமான பாகங்கள் கப்பலில் வந்து இறங்க வேண்டும், அதற்குத் தரை தாழ்வாக இருப்பது வசதி. குளிர்விக்கும் கடல்நீரை 35 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுவதென்றால் நிலையம் ஓடும் காலம் முழுக்க அந்தச் செலவு கூடவே வரும். சுனாமியையும் அவர்கள் மறக்கவில்லை. 1960இல் சிலி நாட்டில் ஏற்பட்ட பெரும் நிலநடுக்கத்தின் அலை பசிபிக்கைக் கடந்து வந்தபோது, பக்கத்தில் உள்ள ஒனஹாமா துறைமுகத்தில் 3.1 மீட்டர் உயரம் பதிவாகியிருந்தது. அதைத்தான் கணக்குக்கு எடுத்துக்கொண்டார்கள். 3.1 மீட்டர் அலைக்கு 10 மீட்டர் தரை தாராளம் என்றுதான் அன்று யாருக்கும் தோன்றியிருக்கும்.

நிலநடுக்கத்துக்குப் பயந்து பாறையைத் தேடி இறங்கினார்கள். அந்த இறக்கம்தான் பின்னால் சுனாமிக்கு வழிவிட்டது. மின் நிலையங்களின் ஆபத்தைப் பற்றிப் பேசும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த மேடுதான். கதிர்வீச்சு, யுரேனியம் எல்லாம் அப்புறம்.

ஓர் அனல்மின் நிலையத்தில் நிலக்கரி போடுவதை நிறுத்தினால் தீ அடங்கும், கொதிகலன் மெல்ல ஆறும். அணு உலை அப்படி ஆறாது. கட்டுப்பாட்டுத் தண்டுகள் உள்ளே புகுந்ததும் யுரேனியம் பிளப்பது சில நொடிகளில் நின்றுவிடும். ஆனால் அதுவரை பிளந்து உண்டான அயோடின், சீசியம், ஸ்ட்ரான்சியம் போன்ற தனிமங்கள் எரிபொருளுக்குள்ளேயே கிடக்கின்றன. அவை தாமாகச் சிதைந்து வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும். விறகை இழுத்துவிட்ட பிறகு அடுப்பில் கிடக்கும் தணலைப் போல என்று சொல்லலாம். ஆனால் தணலில் தண்ணீர் தெளித்தால் அணைந்துவிடும், இது அணையாது. இதன் சூட்டை வாங்கி வாங்கி வெளியே கொண்டுபோவதைத் தவிர மனிதரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

எவ்வளவு சூடு? உலையை நிறுத்திய கணத்தில் அதன் முழு வெப்பத் திறனில் 6 முதல் 7 சதவீதம். ஒரு மணி நேரம் கழித்துச் சுமார் ஒன்றரை சதவீதம், ஒரு நாள் கழித்து அரை சதவீதம். சதவீதமாகச் சொன்னால் அற்பமாகத் தெரியும். புகுஷிமாவின் 1ஆம் உலை சின்னது, 460 மெகாவாட் மின்சாரம்தான் தரும். ஆனால் அந்த மின்சாரத்துக்காக உள்ளே உண்டாகும் வெப்பம் 1,380 மெகாவாட். நிறுத்தி ஒரு மணி நேரம் ஆன பிறகும் 20 மெகாவாட் அளவுக்கு வெப்பம் வந்துகொண்டிருக்கும். அதை நீரை ஆவியாக்கியே தீர்க்க வேண்டும் என்றால் மணிக்கு ஏறக்குறைய 30 டன் நீர் வேண்டும். நம் தெருவுக்கு வருகிற தண்ணீர் லாரிகளில் பெரியதாக மூன்று, ஒவ்வொரு மணிக்கும், இரவும் பகலும். அந்த நீரை உள்ளே தள்ளப் பம்பு வேண்டும். பம்புக்கு மின்சாரம் வேண்டும்.

அதனால்தான் மின்சாரம் தயாரிக்கும் நிலையத்துக்கே வெளியிலிருந்து மின்சாரம் தேவைப்படுகிறது. வெளிமின்சாரம் போனால் டீசல் ஜெனரேட்டர், அதுவும் போனால் பேட்டரி. 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபிலில் அந்தப் பேரழிவு நடந்தபோது அவர்கள் சோதித்துக்கொண்டிருந்ததும் இதைத்தான். மின்சாரம் போய், டீசல் முழு வேகம் பிடிக்கும்வரை உள்ள சுமார் ஒரு நிமிட இடைவெளியை, வேகம் குறைந்து நிற்கப்போகும் டர்பைனின் சுழற்சியை வைத்தே சமாளிக்க முடியுமா என்ற சோதனை அது. உலையின் வடிவமைப்புக் கோளாறும் அன்று இரவு நடந்த விதிமீறல்களும் சேர்ந்து அதை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டன. ஆனால் தொடங்கிய கேள்வி, சுவிட்சை அணைத்த பிறகு பம்பை யார் ஓட்டுவது என்பதுதான்.

2011 மார்ச் 11, பிற்பகல் 2.46. 9 என்ற அளவிலான நிலநடுக்கத்தில் நிலம் ஆடியது. புகுஷிமா டாய்ச்சி என்ற அந்த நிலையத்தில் ஓடிக்கொண்டிருந்த 1, 2, 3ஆம் உலைகள் தாமாக நின்றன. வெளிமின்சாரம் அறுந்தது. டீசல் ஜெனரேட்டர்கள் உடனே ஓடத் தொடங்கின. எல்லாம் ஏட்டில் எழுதியபடியே நடந்தது. சுமார் 50 நிமிடம் கழித்து, 14 மீட்டருக்கும் மேல் உயர்ந்த நீர் அந்த 10 மீட்டர் தரை மீது ஏறியது.

மொத்தம் 13 டீசல் ஜெனரேட்டர்கள் இருந்தன. 12 பயனற்றுப் போயின. ஆறு உலைகளுக்கு 13 என்பது கேட்க மிகுந்த பத்திரமாகத் தெரியும். ஆனால் முதல் நான்கு உலைகளின் ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை டர்பைன் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தன. ஒன்று பழுதானால் இன்னொன்று என்று கணக்குப் போட்டவர்கள், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மூழ்கடிக்கக்கூடிய ஒன்று வருமா என்று கேட்காமல் விட்டார்கள்.

இதில் என்னை மிகவும் உறுத்துகிற விவரம் வேறு. 1990களில் காற்றாலேயே குளிரும் ஜெனரேட்டர்கள் மூன்றைக் கூடுதலாக வைத்தார்கள். இவற்றுக்குக் கடல்நீர்ப் பம்பு தேவையில்லை. தரைத்தளத்தில் வைத்ததால் அலை வந்தபோதும் அவை கெடவில்லை. ஆனால் 2, 4ஆம் உலைகளுக்கு உரிய இரண்டின் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் சுவிட்ச்போர்டுகள் அடித்தளத்தில் இருந்தன. அவை மூழ்கின. ஓடக்கூடிய நிலையில் இருந்த ஜெனரேட்டர்கள் சும்மா நின்றன. 6ஆம் உலைக்கு உரிய மூன்றாவது மட்டும் சுவிட்ச்போர்டோடு சேர்ந்து பிழைத்தது. அந்த ஒன்றை வைத்து 5, 6 இரண்டையும் காப்பாற்றினார்கள்.

2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. எங்கள் குடியிருப்பில் ஜெனரேட்டரை முன்யோசனையோடு மூன்றடி மேடை கட்டித்தான் வைத்திருந்தார்கள். மேடைமேல் இருந்த ஜெனரேட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் பேனல் கார் நிறுத்தும் கீழ்த்தளத்தின் சுவரில், முழங்கால் உயரத்தில் இருந்தது. நான்கு நாள் நாங்கள் மெழுகுவர்த்தியோடு இருந்தோம். மேடை கட்டச் சொன்னவரும் பேனலைப் பொருத்தியவரும் வேறு வேறு ஆட்கள். ஒருவர் வேலையை இன்னொருவர் பார்க்கவில்லை. அவ்வளவுதான் காரணம்.

சரி, மின்சாரம் அடியோடு போனாலும் வேலை செய்யும்படி ஒரு குளிர்விப்பு முறையை வைக்க முடியாதா? முடியும். புகுஷிமாவின் 1ஆம் உலையில் அது இருந்தது. உலையிலிருந்து கிளம்பும் நீராவி குழாய் வழியே மேல்மாடியில் உள்ள ஒரு பெரிய நீர்த்தொட்டிக்குள் போகும். அங்கே குளிர்ந்து நீராகித் தன் எடையாலேயே உலைக்குத் திரும்பும். தொட்டி நீர் கொதித்து வெளியே ஆவியாகும். பம்பு கிடையாது. வால்வு திறந்திருந்தால் மட்டும் போதும்.

அந்த வால்வு மூடிக்கொண்டது. ஏன் என்பதில்தான் பாடம் இருக்கிறது. இந்தக் குழாய் எங்காவது உடைந்தால் கதிரியக்க நீராவி கட்டடத்துக்குள் பீறிடும். அதைத் தடுக்க, உடைப்பைக் கண்டறிந்து வால்வுகளை மூடும் ஒரு மின்சுற்று வைத்திருந்தார்கள். அந்தச் சுற்றுக்கே மின்சாரம் போய்விட்டால்? பத்திரமான பக்கம் என்று, உடைந்ததாகவே எடுத்துக்கொண்டு மூடும்படி அமைத்திருந்தார்கள். தனியாகப் பார்த்தால் நியாயமான முடிவு. சுனாமி நீரில் பேட்டரிகள் மூழ்கியபோது சுற்று செத்தது, குழாய் உடைந்ததாகக் கருதி வால்வுகள் மூடும் கட்டளை போனது. மின்சாரம் இல்லாத நாளுக்காகவே வைத்த கருவி, மின்சாரம் போனதாலேயே நின்றது.

கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கு இது தெரியவில்லை. விளக்குகள் அணைந்துவிட்டன, அளவுமானிகள் இருண்டுவிட்டன. வளாகத்தில் நின்ற வண்டிகளிலிருந்து பேட்டரிகளைக் கழற்றிக் கொண்டுவந்து, டார்ச் வெளிச்சத்தில் மானிகளோடு இணைத்து, உலையில் நீர்மட்டம் எவ்வளவு என்று படித்தார்கள். அந்தக் குளிர்விப்பான் ஓடுகிறதா என்று அறிய ஒரே வழி, கட்டடச் சுவரில் இருக்கும் இரண்டு துவாரங்களில் ஆவி வருகிறதா என்று வெளியே போய்ப் பார்ப்பது. பார்த்தால் பன்றி மூக்கைப் போல இருக்கும், அதையே அவற்றுக்குப் பெயராகவும் வைத்திருந்தார்கள். மாலை 6.18க்கு வால்வைத் திறந்து பார்த்தார்கள். கொஞ்சம் ஆவி வந்தது, அப்புறம் நின்றது. தொட்டியில் நீர் தீர்ந்துவிட்டதோ என்ற பயத்தில் சில நிமிடங்களில் மூடிவிட்டார்கள். அன்று பணியில் இருந்த யாரும் அன்றைக்கு முன் அந்தக் குளிர்விப்பானை உண்மையில் இயக்கியவர்கள் அல்ல. ஆவி எவ்வளவு வர வேண்டும் என்று கண்ணால் கண்ட அனுபவம் யாருக்கும் இல்லை. அந்த இருட்டில் நின்றவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆண்டுக்கு ஒருமுறையாவது அதை ஓட்டிக் காட்டச் சொல்லாமல் விட்டவர்களைத்தான் கேட்க வேண்டும்.

அன்றிரவே 1ஆம் உலையின் எரிபொருள் உருகத் தொடங்கியது. மறுநாள் பிற்பகல் 3.36க்கு ஹைட்ரஜன் வெடித்து அதன் கட்டடத்தின் மேல்கூடு பறந்தது. 14ஆம் தேதி 3ஆம் உலையின் கட்டடம் வெடித்தது. 15ஆம் தேதி 4ஆவது. அந்த 4ஆம் உலைக்குள் எரிபொருளே இல்லை. 3ஆம் உலையின் ஹைட்ரஜன், இரண்டுக்கும் பொதுவாக இருந்த புகைபோக்கிக் குழாய் வழியே பின்னோக்கி வந்து அங்கே சேர்ந்திருந்தது. ஒரு குழாயை மிச்சம் பிடிக்க இரண்டு உலைகளை இணைத்ததன் விலை.

கூடங்குளத்தின் ரஷ்ய உலைகளிலும் இதே தத்துவத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. நீராவி தானே மேலேறி, உயரத்தில் உள்ள குளிர்விப்பான்களில் வெளிக்காற்றால் குளிர்ந்து, நீராகித் தானே இறங்கும். காற்றை அடைத்திருக்கும் கதவுகளை மூடி வைத்திருக்கத்தான் மின்சாரம் வேண்டும். மின்சாரம் போனால் அவை தாமாகத் திறந்துகொள்ளும். புகுஷிமாவின் 1ஆம் உலையில் மின்சாரம் போனால் மூடு, இங்கே மின்சாரம் போனால் திற. இங்கே அப்படித் திறக்க முடிவதற்குக் காரணம், இந்தச் சுற்றில் ஓடுவது உலையைத் தொட்ட நீர் அல்ல, அதிலிருந்து சூட்டை மட்டும் வாங்கிக்கொண்ட இரண்டாம் சுற்று நீர். கசிந்தாலும் ஆபத்து குறைவு என்பதால் கதவைத் திறக்கும் பக்கம் வைக்க முடிகிறது. இதனால் கூடங்குளத்தைப் பற்றிய கேள்விகள் எல்லாம் தீர்ந்துவிட்டன என்று நான் சொல்லவில்லை. 2011இல் இடிந்தகரை மக்கள் பந்தலில் உட்கார்ந்து கேட்டவை நியாயமான கேள்விகள். இந்த விவரங்களை அவர்களுக்குப் புரியும் தமிழில், பொறுமையாக, முன்கூட்டியே சொல்ல வேண்டிய கடமை நிலையத்துக்கு இருந்தது.

புகுஷிமாவுக்கு வடக்கே, நிலநடுக்க மையத்துக்கு இன்னும் நெருக்கமாக ஒனகாவா அணுமின் நிலையம் இருக்கிறது. அதே அலை அங்கே சுமார் 13 மீட்டர் வந்தது. அந்த நிலையத்தின் தரை 14.8 மீட்டர். நிலநடுக்கத்தில் நிலமே ஒரு மீட்டர் தாழ்ந்த பிறகும் ஏறக்குறைய ஒரு மீட்டர் மிச்சம் இருந்தது. தொஹோகு மின் நிறுவனத்தில் துணைத் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற யானோசுகே ஹிராய் என்ற பொறியாளர் இந்த உயரத்துக்காக விடாமல் வாதாடியவர். கி.பி. 869இல் அந்தக் கரையைத் தாக்கிய ஜோகன் சுனாமியை அவர் சாதாரணமாக விட்டுவிடவில்லை. ஆயிரம் பேர் மூழ்கினார்கள் என்று பழைய அரசவைக் குறிப்பு ஒன்று சொல்லும் அலை அது. சுனாமிக்கு முன் கடல் உள்வாங்கினாலும் பம்புகளுக்குச் சிறிது நேரம் நீர் கிடைக்கும்படி உறிஞ்சு கால்வாயையும் அங்கே அமைத்தார்கள். ஹிராய் 1986இல் இறந்துவிட்டார். 2011இல் வீடிழந்த ஊர்மக்கள் முந்நூறு பேருக்கும் மேல் அந்த அணுமின் நிலையத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில்தான் அடைக்கலம் புகுந்தார்கள்.

ஒனகாவாவும் கீறல் இல்லாமல் தப்பவில்லை. ஒரு சுவிட்ச்போர்டு தீப்பிடித்தது. 2ஆம் உலையின் துணைக் கட்டட அடித்தளத்தில் நீர் புகுந்து சில பம்புகள் போயின. ஐந்து வெளிமின் தடங்களில் நான்கு அறுந்தன. மிஞ்சிய ஒன்று போதுமானதாக இருந்தது.

புகுஷிமாவில் இந்த அபாயம் யாருக்கும் தெரியாமலா இருந்தது? 2008இல் நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனத்துக்குள்ளேயே போட்ட ஒரு கணக்கு, அலை 15.7 மீட்டர் வரை வரலாம் என்று காட்டியது. அந்தக் கணக்கு சரிதானா என்று பொறியாளர் சங்கத்திடம் கேட்போம் என்று தள்ளிவைத்தார்கள். ஆராய்ச்சி செய்வது தவறில்லை. ஆராய்ச்சி முடியும்வரை ஒன்றும் செய்யாமல் இருந்ததுதான் தவறு. 15 மீட்டர் சுவர் எழுப்பப் பல ஆண்டுகளும் பெரும் பணமும் ஆகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு சுவிட்ச்போர்டை மாடிக்கு ஏற்றலாம். அடித்தளக் கதவை நீர்புகாக் கதவாக மாற்றலாம். சில பேட்டரிகளை உயரத்தில் வைக்கலாம்.

இது நடந்த பிறகு சொல்லும் ஞானம் அல்ல என்பதற்குத் தெற்கே டோகாய் நிலையம் சாட்சி. அங்கே புதிய சுனாமி மதிப்பீடு வந்ததும், கடல்நீர்ப் பம்புகளைச் சுற்றியிருந்த சுவரை 6.1 மீட்டராக உயர்த்தினார்கள். 2011 மார்ச்சில் வேலை இன்னும் முழுமையாக முடிந்திருக்கவில்லை. அடைக்காமல் விட்ட பக்கத்தில் நீர் புகுந்து, மூன்று டீசல்களில் ஒன்றின் பம்பு போனது. மற்ற இரண்டும் ஓடின. உலை பத்திரமாக ஆறியது.

கல்பாக்கத்தில் 2004 டிசம்பர் 26 காலை ஓர் உலை பராமரிப்புக்காக நின்றிருந்தது, மற்றது ஓடிக்கொண்டிருந்தது. கடலுக்கடியில் செல்லும் சுரங்கக் குழாய் வழியே சுனாமி நீர் பம்பு நிலையத்துக்குள் ஏறியது. பம்புகள் நின்றன, உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். உலைக் கட்டடம் உயரத்தில் இருந்ததால் அங்கே நீர் வரவில்லை. அதே வளாகத்தில் ஈனுலை என்ற இன்னொரு வகை அணு உலைக்குத் தோண்டியிருந்த அஸ்திவாரக் குழி நிறைந்தது. ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின. உலை தப்பிய செய்தி உலகத்துக்குப் போன அளவுக்கு, அந்த வீடுகளின் செய்தி போகவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டுச் சூரிய ஒளியும் காற்றும் போதுமே என்று சிலர் சொல்வார்கள். அங்கேயும் சுவிட்சை அணைத்த பிறகு என்ன என்ற கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும். மொட்டைமாடியில் சோலார் பேனல் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது: மெயின் சுவிட்சை அணைத்தாலும், வெயில் இருக்கும்வரை பேனலிலிருந்து இன்வெர்ட்டர் வரை வரும் கம்பியில் மின்னழுத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும். பேனல்களைத் தொடராக இணைத்திருந்தால் அது பல நூறு வோல்ட் வரை போகும். நேர்மின்சாரம் என்பதால் தளர்ந்த இணைப்பில் பொறி பிடித்தால் எளிதில் அணையாது. கீழே பிரேக்கரை அணைத்துவிட்டோம் என்று நம்பி அதில் கைவைக்கக் கூடாது.

காற்றாலைக்கும் இதே கதைதான். புயலில் மின்கட்டமைப்பு அறுந்தால், இறக்கைகளைத் திருப்பிக் காற்றை நழுவவிட வேண்டும். அதற்காக இறக்கைகள் சேரும் குமிழுக்குள்ளேயே பேட்டரியை வைத்திருப்பார்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் போகும்போது மேலே சுற்றுவதைப் பார்க்கிறோம். அதற்குள் ஒருவர் ஏறி அந்தப் பேட்டரியைச் சோதித்துவிட்டு இறங்குவது நமக்குத் தெரிவதில்லை. 2003 செப்டம்பரில் ஜப்பானின் மியாக்கோ தீவில் மேமி சூறாவளி அடித்தபோது மின்சாரமும் போனது, காற்றாலைகளும் முறிந்து சாய்ந்தன. அதற்குப் பிறகு ஒகினாவாவின் சின்னத் தீவுகளில் வேறு மாதிரிக் காற்றாலைகளை நட்டார்கள். அடியில் கீல் வைத்தவை. புயல் வருகிறது என்றால் முழுக் கோபுரத்தையும் கம்பியால் இழுத்துத் தரையில் படுக்க வைத்துவிடுவார்கள்.

ஆனால் விழுந்த காற்றாலை தன் நிழல் விழும் தூரத்துக்குள்தான் விழும். அணை அப்படியில்லை. 2023 அக்டோபர் 4 அதிகாலை சிக்கிமில், தெற்கு லோனாக் பனிப்பாறை ஏரி உடைந்து தீஸ்தா ஆற்றில் இறங்கியது. 1,200 மெகாவாட் தீஸ்தா-3 நீர்மின் திட்டத்தின் 60 மீட்டர் உயர அணை அடித்துச் செல்லப்பட்டது. தேங்கியிருந்த நீரும் வெள்ளத்தோடு சேர்ந்துகொண்டது. பாலங்களும் வீடுகளும் மனிதர்களும் போனார்கள். பசுமை மின்சாரம் என்ற ஒரே பெயரின் கீழ் அணையையும் சோலார் பேனலையும் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நிறுத்திய பிறகும் உள்ளே எவ்வளவு சேமித்து வைத்திருக்கிறது என்று பார்த்தால் அணை அணு உலைக்குத்தான் பக்கத்தில் வரும். பேனலுக்குள் சேமிப்பே கிடையாது, மாலை மங்கினால் அதுவும் அடங்கும்.

இவை ஒன்றையொன்று சார்ந்தும் இருக்கின்றன. 2025 ஏப்ரல் 28 பகலில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் சில நொடிகளில் இருளில் மூழ்கின. மின்னழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்க முடியாமல் போனது அதற்குக் காரணம். ஸ்பெயினில் ஓடிக்கொண்டிருந்த அணு உலைகள் தாமாக நின்றன. வெளிமின்சாரம் திரும்பும்வரை அவற்றின் டீசல்கள் ஓடின. நிலையங்களில் அசம்பாவிதம் ஏதுமில்லை என்பதால் அந்த டீசல்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

புகுஷிமாவில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஊரைவிட்டு வெளியேறினார்கள். வெளியேற்றத்தின் அலைச்சலிலும், இடம் மாறிய வாழ்க்கையின் துயரத்திலும் அந்த மாகாணத்தில் 2,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் முதியவர்கள். துப்புரவுக்கும் இழப்பீட்டுக்கும் ஜப்பான் அரசு போட்ட மதிப்பீடு 20 லட்சம் கோடி யென்னைத் தாண்டிவிட்டது.

மூன்று உலைகளுக்குள்ளும் உருகி உறைந்து கிடக்கும் எரிபொருளும் அதோடு கலந்த இரும்பும் கான்கிரீட்டும் சுமார் 880 டன் இருக்கும் என்கிறார்கள். அதன் மேல் இன்றும் நீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். 2024 நவம்பரில், நீண்ட குழாய் போன்ற ஒரு கருவியை 2ஆம் உலைக்குள் நுழைத்து, அதிலிருந்து முதல் துண்டை வெளியே எடுத்தார்கள். அதன் எடை 0.7 கிராம்.